புள்ளி விழுந்த பட்டைகள்

என் ப்ரோக்ராம் இப்போ சரியாத்தான் சொல்லுது. ஒரு செராமிக் வளையத்தோட அளவைக் கொடுத்தா, எந்த இடத்துல விரிசல் கிளம்பும், எவ்வளவு அழுத்தத்துல கிளம்பும்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். அப்புறம் நிஜமாவே ஓட்டிப் பார்த்தா கிட்டத்தட்ட அப்படியேதான் நடக்குது. எல்லாரும் பாராட்டறாங்க. பாராட்டும்போதெல்லாம் எழுந்து வெளியே போயிடலாம்னு இருக்கும் எனக்கு. ஏன்னு யார்கிட்டயும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர்கிட்டகூட பாதிதான் சொல்லியிருக்கேன்.

டெல்லியில ஒரு கவர்மென்ட் ஆராய்ச்சிக்கூடத்துல வேலை, ஆர்.கே.புரத்துல குவார்ட்டர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து இங்கே வந்து பதினாறு வருஷம் ஆச்சு. கோபம் மட்டும் அங்கேர்ந்து குறையாம கூடவே வந்துடுச்சு. சுருக்குனு வரும், வாய்க்கு வந்ததைச் சொல்லிடுவேன், அரை மணி நேரத்துல எனக்கே மறந்துபோயிடும். கேட்டவங்களுக்கு மறக்காது. நடந்தது எல்லாத்துக்கும் அதுதான் ஆரம்பம்.

பம்புக்குள்ள தண்ணி கசியாம இருக்க ஒரு வளையம் போடுவாங்க. அதை வெளிநாட்டுலேர்ந்து வாங்கிக்கிட்டிருந்த ஒரு கம்பெனி, இங்கேயே அலுமினாவுல செஞ்சுக்கணும்னு எங்ககிட்ட வந்துச்சு. அலுமினான்னா பீங்கானோட பெரியண்ணன்னு வச்சுக்கங்க. வளையத்தைச் செஞ்சு, ஓட்டி, உடையுதா உடையுதான்னு பார்த்துக்கிட்டே இருந்தா வருஷக்கணக்காகும். அதனால எவ்வளவு தாங்கும்னு கம்ப்யூட்டர்லயே முன்கூட்டிச் சொல்லணும். அது என் பொறுப்பு.

இரும்புக்குக் கொஞ்சம் பொறுமை உண்டு. வளையும், நெளியும், போகப்போறேன்னு ஒரு அறிகுறி காட்டும். செராமிக்குக்கு அதெல்லாம் கிடையாது, அப்பளம் மாதிரி பட்டுனு போயிடும். எங்கே உடையும்னா, உள்ளே இருக்கற குறைகள்லயே எது மோசமோ அங்கேதான். மத்த இடமெல்லாம் எவ்வளவு நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை. நாங்க என்ன செய்வோம்னா, அதே அலுமினாவுல சுண்டுவிரல் நீளத்துக்குப் பட்டை பட்டையாச் செஞ்சு, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்புல படம் எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணா மெஷின்ல வளைச்சு உடைப்போம். அந்தப் படத்தையும் உடைஞ்ச கணக்கையும் கொடுத்தா கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே ஆயிரம் வளையத்தைச் செஞ்சு, ஆயிரத்தையும் உடைச்சுப் பார்த்துக்கும். நாம எதைக் காட்டினோமோ அதை வச்சுத்தான் பார்க்கும். காட்டாததை அது எப்படிப் பார்க்கும்?

பட்டைகளுக்குப் பாலிஷ் போட்டது ஒரு அக்கா. விழுப்புரத்துப் பக்கத்துக்காரங்க. என்னைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். கான்ட்ராக்டர் மூலமா வந்தவங்க, பன்னெண்டு வருஷமா அதே கீழ்த்தள ரூம்ல, அதே ஸ்டூல்ல உட்கார்ந்து வேலை. கட்டடத்துல மத்தவங்களுக்கெல்லாம் அவங்க 'பாலிஷ்வாலி'. நான் அக்கான்னு கூப்பிடுவேன், அவங்க என்னை மேடம்னுதான் கூப்பிடுவாங்க. எவ்வளவு சொல்லியும் மாத்திக்கலை. அந்த நாலு மாடியில தமிழ் பேச எனக்கு அவங்களை விட்டா ஆளில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு நேரா கீழே போயிடுவேன். என் தயிர்சாதத்தை அவங்க பக்கம் தள்ளிட்டு அவங்க கருவாட்டுக் குழம்பை ஒரு கை பார்ப்பேன். சாப்பிட்டுக்கிட்டே கேன்டீன் ப்ரெட் பக்கோடாவை ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, புசா ரோட்டுத் தமிழ் ஸ்கூல்ல ப்ளஸ் டூ படிச்சுக்கிட்டிருந்தா. அவங்க இருந்த குடிசைப் பகுதியைப் போன வருஷம் இடிச்சுட்டு, ஊர்க்கோடியில எங்கேயோ ஃப்ளாட் கொடுத்திருந்தாங்க. அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறி, பொண்ணை ஸ்கூல்ல விட்டுட்டு இவங்க வேலைக்கு வரணும். அந்தக் குடும்பத்துக்கு வேற வருமானம் கிடையாது. கேட் பாஸை ஆறு மாசத்துக்கு ஒருதடவை புதுப்பிக்கணும், ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வாரம் அவங்களுக்குச் சோறு இறங்காது. "இந்த ஒரு வருசம் பாஸு கிடைச்சிட்டா போதும் மேடம், பாப்பா பன்னெண்டு முடிச்சிடும். அதுக்கப்புறம் என்னை வெரட்டி விட்டாக்கூட பரவால்ல"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச புதுசு. முதல் பட்டைகளை உடைச்சு க்ராஃப் போட்டேன். புள்ளிகள் ஒழுங்கா ஒரு கோட்டுல வராம திசைக்கு ஒண்ணாச் சிதறிக் கிடந்துச்சு. மீட்டிங்ல எங்க டைரக்டர் அதைத் தலைகீழாத் திருப்பிப் பார்த்துட்டு, மேடம், இது க்ராஃபா, ஹோலியான்னு கேட்டார். மொத்த டேபிளும் சிரிச்சுது. சமோசா வைக்க வந்த ஆளும் சிரிச்சான். எனக்கு மூஞ்சி ஜிவ்வுனு ஆயிடுச்சு. படி இறங்கி நேரா பாலிஷ் ரூமுக்குப் போனேன். அக்கா மேஜையில கிடந்த பட்டைகள்ல ஒண்ணை எடுத்தேன், அதுல மிளகுல பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. சூளையில வேகும்போது மாட்டிக்கிட்ட அழுக்கு. இந்த மாதிரி புள்ளி விழுந்ததையெல்லாம் இனிமே என்கிட்ட கொண்டுவராதீங்க, உங்களால எனக்கு மேல மானம் போகுதுன்னு கத்தினேன். அவங்க தூக்கிப் போட்டுடவான்னு மட்டும் கேட்டாங்க. என்னமோ பண்ணுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சாயங்காலத்துக்குள்ள அந்தப் பேச்சு எனக்கு மறந்தே போச்சு. கடவுள் சத்தியமா மறந்துபோச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து க்ராஃப் நூல் பிடிச்ச மாதிரி வந்துச்சு, முதல்ல உடைச்சதை ஒத்திகைன்னு கணக்குலேர்ந்து விட்டுட்டேன். என் கைராசின்னு நினைச்சுக்கிட்டேன்.

வளையங்கள் தாங்கும்னு கம்ப்யூட்டர் சொல்லுச்சு. லட்சணமா தாங்கும்னு நானும் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். கம்பெனியில ஓட்ட ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே மூணு வளையம் உடைஞ்சுது. அடுத்த வாரம் அஞ்சு. அப்புறம் அவங்க ஃபோன் பண்றதை நிறுத்திட்டு லெட்டர் எழுத ஆரம்பிச்சாங்க. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, கத்தக்கூட இல்லை, ரிப்போர்ட்டை என் பக்கமா நகர்த்தி வச்சுட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

ரெண்டு மாசம் பைத்தியம் பிடிச்ச மாதிரி கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடினேன். வளையத்தைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சுக் கணக்குப் போடுவோம், அந்தத் துண்டையெல்லாம் இன்னும் பொடிசாக்கினேன். அழுத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மாத்தி மாத்திக் கொடுத்தேன். எத்தனை தடவை ஓட்டினாலும் உடையாது உடையாதுன்னே அது சாதிச்சுது. அங்கே பம்புல உடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வீட்டுல யார் பேசினாலும் எரிஞ்சு விழுந்தேன். குக்கர் எத்தனை விசில் அடிச்சுதுன்னு என் வீட்டுக்காரர் கேட்டதுக்கு, அதுக்கும் நான்தான் கணக்கு வச்சுக்கணுமான்னு ஒரு ஆட்டம் ஆடினேன். அவர் பாவம், அன்னையிலேர்ந்து அவரே சமைச்சார்.

நவம்பர் மாசம், உடைஞ்ச வளையங்களையே அனுப்பச் சொல்லி வாங்கி மைக்ராஸ்கோப்புக்கு அடியில வச்சேன். முதல் வளையத்துல விரிசல் கிளம்பின இடத்துல ஒரு கறுப்புப் புள்ளி. ரெண்டாவதுல ஒண்ணு. எட்டுலயும் இருந்துச்சு. கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்த மூணரை வருஷத்துப் பட்டைப் படங்களைத் திறந்து பார்த்தேன், ஒண்ணுல, ஒண்ணே ஒண்ணுலகூட அப்படிப் புள்ளி இல்லை. எனக்கு விளங்கலை. ஒரே பொடி, ஒரே சூளை. வளையத்துல இருக்கறது பட்டையில எப்படி இல்லாமப் போகும்?

உடைஞ்ச துண்டை எடுத்துக்கிட்டு அக்காகிட்ட போனேன். இந்த மாதிரி எப்பவாவது பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன். ஏன் பார்த்ததில்லை, எவ்வளவோ இருக்கேன்னு குனிஞ்சு மேஜைக்கடியிலேர்ந்து தீபாவளி மிட்டாய் டப்பாக்களை ஒவ்வொண்ணா இழுத்து வச்சாங்க. ஏழு டப்பா. திறந்தா உள்ளே வரிசை வரிசையா பட்டைகள், பேப்பர்ல சுத்தி, மேல பென்சில்ல எந்த மாசத்துச் சூளைன்னு தமிழ்ல எழுதியிருந்துச்சு. மூணரை வருஷத்துப் புள்ளி விழுந்த பட்டை அத்தனையும். பாடுபட்டுச் செஞ்சதைத் தூக்கிப் போட மனசு வரலைன்னு சொன்னாங்க.

"நீங்கதானே மேடம் எடுத்து வைக்கச் சொன்னீங்க?"

அப்போதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஹோலி, சமோசா, நான் கத்தினது, எல்லாம் ஒரே நேரத்துல வந்துச்சு. அந்த ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டேன். அவங்க பயந்துபோய்த் தண்ணி கொடுத்தாங்க, சாப்பிடலையா மேடம்னு கேட்டாங்க.

மறுநாள் டப்பாவிலேர்ந்து கொஞ்சம் பட்டையை எடுத்து உடைச்சேன். நல்ல பட்டை தாங்கினதுல பாதிகூட தாங்கலை. அந்தக் கணக்கையும் படத்தையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். இப்போ அது வளையம் உடையும்னு சொல்லுச்சு. எந்த இடத்துல, பத்துக்கு எத்தனைன்னு சொன்னதும் கம்பெனி லெட்டர்ல எழுதியிருந்ததும் ஒண்ணாப் போச்சு. ப்ரோக்ராம்ல தப்பே இல்லை. மோசமானதையெல்லாம் ஒளிச்சு வச்சுட்டு, நல்லதை மட்டும் காட்டி, எல்லாம் நல்லா இருக்கான்னு நான் கேட்டிருக்கேன். அதுவும் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

டிசம்பர்ல மீட்டிங் வச்சாங்க. டைரக்டர், கம்பெனியிலேர்ந்து ரெண்டு இன்ஜினியர், குறிப்பெடுக்க ஒருத்தர், நான். உண்மையைச் சொல்லிடணும்னுதான் போனேன். என் பேச்சைக் கேட்டுத்தான் பட்டைகளைப் பிரிச்சாங்கன்னு ஹிந்தியில எப்படிச் சொல்றதுன்னு மெட்ரோவுல மனப்பாடம்கூடப் பண்ணினேன். அடுத்த மாசம் எனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். பழைய க்ராஃபையும் புது க்ராஃபையும் காட்டி, பலவீனமான பட்டைகள் கணக்குல வராமப் போச்சுன்னு விளக்கினேன். டைரக்டர் மூஞ்சியில ரத்தம் திரும்ப வந்துச்சு. அப்போ மாடல் சரி, சாம்பிள் தயாரிச்சதுலதான் கோளாறு, அப்படித்தானேன்னு கேட்டார். ஆமா சார்னு சொன்னேன். எங்கே பிரிச்சாங்கன்னு கேட்டார்.

"பாலிஷ் ரூம்ல, சார்."

யார் சொல்லிப் பிரிச்சாங்கன்னு அவர் கேட்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். பொய். குறிப்பெடுக்கறவர் எழுதறதைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க ஒரு நொடி போதும். அந்த மீட்டிங் இன்னும் இருபது நிமிஷம் நடந்துச்சு. எனக்கு டீ வந்துச்சு, குடிச்சேன்.

மூணாம் நாள் காலையில பனிமூட்டம், பத்தடிக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியலை. கேட்டுக்கு வெளியே அக்கா கம்பளியைப் போர்த்திக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தாங்க. இனிமே வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லி அவங்க பாஸைப் பிடுங்கிக்கிட்டாங்களாம். எனக்காகத்தான் ஒரு மணி நேரமா நின்னிருக்காங்க.

சூப்பர்வைசர் வந்து கேட்டாராம், பட்டையை எடுத்து வச்சது நீதானான்னு. ஆமா நான்தான்னு ஒத்துக்கிட்டாங்களாம். "நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லலை மேடம். உங்களுக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுதேன்னுதான்"னாங்க. குத்திக்காட்டற மாதிரி சொல்லலை. நான் நிம்மதியா இருக்கணும்னு சொன்னாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி, நான் டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா திரும்ப எடுத்துக்குவாங்கன்னு சூப்பர்வைசரே சொன்னார்னு சொன்னாங்க. பாப்பாவுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் போதும், மார்ச் வரைக்கும்.

"பேசறேன்க்கா. இன்னைக்கே பேசறேன்."

பேசலை. அன்னைக்கு டைரக்டர் ரூமுல யாரோ இருந்தாங்க. மறுநாள் எனக்கே காய்ச்சல் மாதிரி இருந்துச்சு. இன்டர்வியூ முடியட்டும், அதுக்கப்புறம் தைரியமாப் பேசலாம்னு ஒருநாள் தோணுச்சு. தோணினது பிடிச்சுப்போச்சு. மத்தியானம் டிபன் பாக்ஸை என் மேஜையிலயே திறந்து சாப்பிட்டேன். இன்டர்வியூ நல்லாவே நடந்துச்சு. குறைகளைக் கணக்குல எடுத்துக்கற புது முறையைப் பத்தித்தான் கேட்டாங்க, ஏழு டப்பாவையும் வச்சு வந்த முறை. சரளமாப் பதில் சொன்னேன்.

ப்ரமோஷன் வந்த மறுநாள் டைரக்டர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். நான்தான் கத்தினேன், நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன், அந்த அம்மா மேல ஒரு தப்பும் இல்லை. பொறுமையாக் கேட்டார். பாலிஷ் ரூமுக்குப் புது ஆள் வந்து ஒரு மாசம் ஆச்சே, ஃபைலை மூடியாச்சே, இப்போ ஏன் மேடம் இதைக் கிளறறீங்கன்னு கேட்டார். நல்ல மனுஷர்தான். என் நல்லதுக்குன்னு நினைச்சுத்தான் சொன்னார். மிட்டாய் எங்கேன்னு வேற கேட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் மலை மந்திர் போனேன். முருகனுக்கு முன்னாடி நின்னு கையைக் கூப்பினா, என்ன வேண்டறதுன்னே தெரியலை. படி இறங்கி வந்து, ஒரு ஓரமா நின்னுக்கிட்டு அக்கா நம்பருக்கு ஃபோன் போட்டேன். எடுத்தது பொண்ணு. அம்மா இல்லை, வேலைக்குப் போயிருக்காங்கன்னா. என்ன வேலைன்னேன். இங்கேயே பக்கத்துல ரெண்டு வீட்டுல பாத்திரம் தேய்க்கறாங்கன்னா. பின்னாடி தையல் மெஷின் மாதிரி சத்தம், நிறைய மெஷின். பரீட்சைக்குப் படிக்கலையாம்மான்னு கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி, ஸ்கூல் விட்டுட்டேன். ரொம்ப தூரம். நான் இங்க ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில நூல் வெட்டறேன்." சாதாரணமாத்தான் சொன்னா. யாரோ ஹிந்தியில ஜல்தி ஜல்தின்னு அவளை அதட்டினாங்க. அவ ஃபோனைக் கையால மூடி ஏதோ பதில் சொல்லிட்டு, திரும்ப என்கிட்ட வந்தா.

"அம்மா வந்தா யார் பேசினாங்கன்னு சொல்லட்டும் ஆன்ட்டி?"

ஃபோனைக் காதுலயே வச்சுக்கிட்டு நின்னேன். ஹலோ, ஹலோன்னு ரெண்டு தடவை கேட்டா. நான் கட் பண்ணிட்டேன்.